பட்டாபிராம் ஆப்பக்கடைப் படம்

ஆவடி
14.8.1991

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தையும் நலம். பயிற்சி எப்படிப் போகிறது?

பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் வேம்புலியம்மாள் ஆப்பம் சுடுவதை நான் எடுத்த படம் வாரப் பத்திரிகையில் வந்ததே, அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நேற்று ஒரு ஆள் நம் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டான். பத்திரிகை ஆபீஸில் என் விலாசம் வாங்கினானாம்.

"இது எம் பொஞ்சாதி. ரெண்டு வருசமா தேடிகினு கீறேன். கடை எங்க கீது?"

அவன் கேட்ட தோரணை பிடிக்காமல், "அம்பத்தூர்" என்று பொய் சொன்னேன்.

அவன் போனதும் ரயிலேறி ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் வேம்புலியம்மாள் முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள்.

"இது அவன் வச்ச சூடுக்கா. போட்டா போடறதுக்கு முன்ன என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

அடுப்பையும் மாவுக் குண்டானையும் நானே தூக்கி, அவளை ரயிலேற்றி விட்டேன். எங்கே இறங்குவாள் என்று கேட்கவில்லை. தெரிந்தால் என் வாயிலிருந்து வந்துவிடும்.

நெகட்டிவைக் கொளுத்திவிட்டேன். எனக்குப் பயமொன்றும் இல்லை. குழந்தையை மட்டும் இன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. லீவு கிடைத்தால் வாருங்கள்.

அம்பத்தூர் போனவன் திரும்பி வந்துவிட்டான். காலையிலிருந்து எதிர் டீக்கடையில், நம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

உங்கள்
மனைவி