பவளக்கல் சுவர்

வியாழன், இரவு.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் நூறு வருஷத்துக்கு முந்தைய மீனவர் வீடு ஒன்றைச் செப்பனிடுகிறோம். சுவர் முழுக்கக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல், கூரைக்குப் பேரீச்சை ஓலை. இன்று ஒரு கல்லை அறுக்கச் சொன்னதும் சேவியர் அண்ணன் மறுத்துவிட்டார். குளச்சல் கடலில் வலை வீசியவர்.

“மீனு குடியிருந்த கல்லாக்கும் மக்கா. நான் அறுக்க மாட்டேன்.”

“ஜல்தி பாய்!” சீக்கிரம் என்று போர்மேன் இந்தியில் கத்தினார். அறுக்காவிட்டால் அண்ணனுக்கு நாளை வேறு சைட்டாம். அவர் வாயை அடைக்க நானே மெஷினை வாங்கி அறுத்தேன். தூசியோடு கடல் வாடை எழுந்தது. அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தபடி நின்றார்.

இப்போது கேம்ப் அறையில், மேல் கட்டிலிலிருந்து அண்ணன் கேட்கிறார்: “அலை கேக்குதா மக்கா?”

இரைவது ஏசிதான். நான் கடலில்லாத ஊர்க்காரன்.

“கேக்குதுண்ணே.”

சொன்ன பிறகுதான் எனக்கும் கேட்கத் தொடங்கியது.