நோன்புக் கணக்கில் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி

சூறாவளி முறித்துப்போட்ட தென்னைகளுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் முதன்முதலாகப் பாளை தள்ளிய வருஷம் அது. நமது தெருவுக்கு இரண்டாவது டெலிவிஷன் வந்ததும் அப்போதுதான். அந்த வருஷம் கட்டிய உங்கள் தொட்டியை நேற்று உடைத்தார்கள், சகலன். அதன் சுவருக்குள்ளிருந்து சரிந்த உமியில் மழை பட்டு, நெல் அவிக்கிற வீட்டு மணம் வளவெல்லாம் எழும்பியது. எனக்கு எழுத வராது. மருமகள் எழுதுகிறாள், சொல் என்னுடையது.

நம் ஊர் வழக்கப்படி நாம் இருவரும் பெண்வீட்டுக்கு வந்தவர்கள். மூத்தவள் ராத்தாவை நான் முடித்தேன், தங்கச்சியை நீங்கள். ஒரே வளவில் இரண்டு வீடு, இரண்டுக்கும் ஒரே மீட்டர், அதுவும் பெண்களின் வாப்பாவான மாமாவின் பெயரில். பில் கட்டுவதும் அவர்தான். குவைத்தில் நீங்கள் சம்பாதித்ததெல்லாம் உங்கள் தங்கச்சிமார் இருவருக்கும் வீடாகிப் போனது. பிறகு அங்கே கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து, நொறுங்கிய முதுகோடும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கம்பிச்சுருள் ஒன்றோடும் வந்து சேர்ந்தீர்கள். டாக்டரும் பார்த்தார், நாட்டு மருந்து கொடுக்கும் பரிகாரியும் பார்த்தார். கழுத்தளவு சுடுதண்ணீரில் கிடந்தால் மட்டும் வலி விட்டது. குசினிக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி எழுந்தது அதற்காகத்தான். முதல் நாள் அதற்குள் இறங்கி, கண்ணை மூடி, "சகலன், வலி எங்க போன?" என்று கேட்டீர்கள், காணாமற்போன ஆட்டைத் தேடுகிறவர் மாதிரி.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டுக்குள்ள குளம் கட்டிப்போட்டு இரிக்கான். கரண்ட்டுக்கு ஆரு கட்டுற?" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்.

"அளந்து காட்டுவம்," என்றீர்கள் என்னிடம். "நோன்பு மாசம் வரட்டும். நோன்பில மாமா கோவப்பட மாட்டாரு."

தலைநோன்புக்கு மறுநாள் இரண்டு வீட்டுப் பல்புகளையும் அணைத்தோம். என் மனைவியின் ரேடியோவையும் நிறுத்தியபோது, "நாடகம் போற நேரந்தானா உங்குட கணக்கு?" என்று அவள் ஏசினாள். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பிடித்தீர்கள். மீட்டருக்குள் சுற்றும் தகட்டின் சிவப்புப் புள்ளியில் நான் கண் வைத்தேன். நீங்கள் சுவிட்சைப் போட்டதும் அது பறந்தது.

"களத்து மாடு மாதிரி ஓடுது, சகலன்!"

"ஓடட்டும். நீங்க எண்ணுங்க."

நான் எண்ணினேன், நீங்கள் பெருக்கினீர்கள். நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மாமாவிடம் போனோம். ரூபாய்க் கணக்கு அவருக்கு ஏறாது. "நெல்லில சொல்லு," என்றார்.

"மாசத்துக்கு ஒரு மூடை, மாமா."

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு மூடையெண்டா இரிக்கட்டும்."

அந்த மாதத்துப் பில்லும் சொன்னபடியே வந்தது. நாம் பெருநாளை வெற்றியாகக் கொண்டாடினோம். நம் பிழை அதற்குப் பிறகுதான் வெளித்தது. நோன்போடு கழுத்தளவு தண்ணீரில் கிடந்தால் காதுக்குள் தண்ணீர் போய் நோன்பு முறிந்துவிடுமென்ற பயத்தில், அந்த மாதம் முழுக்க நீங்கள் இருட்டிய பிறகு ஒருதரம் மட்டுமே இறங்கினீர்கள். அதைத்தான் அளந்தோம். பெருநாள் கழிந்ததும் விடியவும் இறங்கினீர்கள், அந்திக்கும் இறங்கினீர்கள். அடுத்த பில் இரண்டு மூடையைத் தாண்டியது.

"நோன்பு வெச்சிக்கிட்டா எனக்குப் பொய்க்கணக்குக் காட்டின?" என்றார் மாமா.

"பொய் இல்ல மாமா. நோன்பெண்டதை மறந்து கணக்குப் பாத்துட்டம்."

தொட்டியைச் சுற்றி இன்னொரு சுவர் எழுப்பி, இடைவெளியில் ஆலை உமியைக் கொட்டி இறுக்கினோம். மேலே பன்புல்லில் பின்னிய பாயால் மூடினோம். சூடு விடியும்வரை நின்றது. ஆனால் விடியற்காலையில் அது வெறும் இளஞ்சூடு, உங்கள் முதுகுக்குக் காணாது. மறுபடி சூடாக்கினால் ஒரு மூடைக்கு மேலே போகும். மாமா அசையவில்லை. "நான் ஏத்துக்கிட்டது நோன்புக் கணக்கு. அதுக்கு மேல ஒரு மரக்கால் இல்ல."

போய்க் கதையுங்கள் என்று உங்களைத் தள்ளினேன். "என்னெண்டு கதைக்கிற? வீடு பொஞ்சாதிட பேரில, மீட்டர் மாமாட பேரில. என்ட பேரில இந்த முதுகு மட்டுந்தான்," என்றீர்கள். உங்கள் உம்மாவின் வீட்டுக்குப் போகவும் வழியில்லை. உங்கள் குவைத் காசில் எடுத்துக் கட்டிய அது சின்னத் தங்கச்சியின் சீதனமாகி, அங்கே வேறொரு மருமகன் இருந்தார்.

அன்றிலிருந்து பகலெல்லாம் பாயில் கிடந்து, சுவரில் ஏறும் வெயிலைப் பார்த்தீர்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உங்கள் மனைவி சுவிட்சைப் போடுவாள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அணைப்பாள். தொழுதுவிட்டு இறங்குவீர்கள். "வருஷம் முழுக்க எனக்கு நோன்புதான், சகலன். பெருநாள் மட்டும் வருகுதில்ல." பிறகு ஊரடங்கு போட்டு ஊரே வீட்டுக்குள் முடங்கிய நாட்களில், "இப்பதான் எல்லாரும் என்ட கணக்குக்கு வந்திரிக்காங்க," என்று சிரித்தீர்கள்.

மாமா மௌத்தாகி அடக்கமானார். இனியாவது விடியவும் இறங்குங்கள், பில்லை நான் பார்க்கிறேன் என்றேன். மாட்டேனென்று தலையை ஆட்டினீர்கள். "மௌத்தானது மாமாதான். அவருட சொல்லு வளவுக்குள்ளதான் நிக்கிது." அந்தப் பதிலோடுதான் நீங்களும் போனீர்கள். இன்றும் நோன்பு திறந்து தொழுதுவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்தால், நீங்கள் தண்ணீருக்குள் இறங்கி விடுகிற அந்த நீண்ட மூச்சு கேட்கிறதா என்று என் காது ஒருகணம் நிற்கிறது.

என் மனைவியும் போய்விட்டாள். நேற்றுத் தொட்டியை உடைத்தவர்கள் சுவரிலிருந்த சுவிட்சையும் கழற்றப் போனார்கள். ஒருத்தி தடுத்தாள். "தொட்டி போகட்டும் மச்சான்," என்றாள் என்னிடம். "அஸர் தொழுதா இந்தக் கை தன்னால சுவத்துக்குப் போகுது. சுவிட்சும் இல்லாட்டி அது எங்க போற?"

கணக்குப் பார்த்த அன்று அந்த வளவில் இருந்தவர்களில், என்னை விட்டால், இப்போது உயிரோடிருப்பவள் அவள் ஒருத்திதான்: உங்கள் சுலைகா.