சிவப்புக் குதிகால்

பிரான்ஸில் ஓரிடம்,
ஜூன் 9, 1915.

அன்புத் தங்கை எஃபிக்கு,

அண்ணன் ஆலிஸ்டர் எழுதுவது. நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் செய்தி. ஏப்ரல் 24, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணியளவில், நம்மவர் முப்பது பேரை ஜெர்மன்காரர்கள் கைதிகளாக நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களில் உயரமான ஒருவன் இடது கையில் காலுறை ஒன்றை மாட்டியிருந்தான். சாம்பல் நிறம், குதிகால் மட்டும் சிவப்பு. இதை நேற்று மாலை என்னிடம் சொன்னவர் காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் டியர்னி. ஒரு வேலியோரம் படுத்தபடி, தன் கண்ணால் பார்த்திருக்கிறார். உன் கணவன் வெண்டெலை அவருக்குத் தெரியாது. காலுறையைப் பற்றி நான் அவரிடம் எதுவும் கேட்கவுமில்லை. கையில் காலுறை மாட்டிய பைத்தியக்காரன் ஒருவனைப் பார்த்தேன் என்று அவராகத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாம்பல் நூல் தீர்ந்துபோய்க் குதிகாலைச் சிவப்பில் முடித்தேன், கேலி செய்யாதீர்கள் என்று பிப்ரவரியில் நீ எழுதியிருந்தாய். நாங்கள் கேலி செய்யத்தான் செய்தோம். உன் கணவன் அதை எங்கள் படைப்பிரிவு முழுவதற்கும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான்.

உனக்கு வந்த தந்தியில் அவன் போரில் இறந்தான் என்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்று விசாரித்தேன். அந்தச் சனிக்கிழமை ஜெர்மன்காரர்கள் விட்ட நச்சுப்புகையைக் குடித்ததால் என்னை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். மே கடைசியில்தான் திரும்பினேன். போன வாரம் பாதிரியாரின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். போர்முனையில் நம் படைகளின் பக்கம் இருந்த ஒரு பண்ணை முற்றத்தில் கிடந்த ஓர் உடல். முகத்தை வைத்து ஆளை அறிய முடியவில்லை. கழுத்தில் பெயர்த் தகடு இல்லை. பக்கத்தில் கிடந்த துப்பாக்கியின் கட்டையில் W.C. என்று வெண்டெலின் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. ஆதாரம் அவ்வளவுதான்.

எஃபி, அந்தத் துப்பாக்கியை அவன் நண்பகலுக்கு முன்பே எறிந்துவிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஹியூரான் ஏரிக்கரைப் போட்டியில் அவன் கோப்பை வாங்கியது, நம் நாட்டு ராணுவம் எங்களுக்குக் கொடுத்த இதே வகைத் துப்பாக்கியில்தான் என்பது உனக்குத் தெரியும். உலர்ந்த புல்லில் படுத்துக் குறி பார்க்க அதைப்போல் வேறில்லை. இங்கே சேற்றில், ஐந்தாறு குண்டு சுட்டதும் சூடேறி, குண்டு மாற்றும் தாழ் இறுகிக்கொள்கிறது. மற்றவர்கள் விழுந்துகிடந்த பிரிட்டிஷ்காரர்களின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். உன் ஆள் கேட்கவில்லை. காலால் உதைத்துத் திறந்தான், மண்வெட்டிப் பிடியால் அடித்துத் திறந்தான், கடைசியில் வெறும் கையால் அடித்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். கட்டுப்போடத் துணியில்லை. இருந்த கைக்குட்டைகளை நனைத்து மூக்கில் கட்டியிருந்தோம். எங்கள் சிறுநீரில்தான் நனைத்தோம் என்பதை உன் மாதர் சங்கத்தில் கேட்டாலும் சொல்லாதே. பையில் உன் காலுறை இருந்தது. அதை அவன் கையில் நான்தான் மாட்டினேன்.

பக்கத்தில் இறந்துகிடந்தவனின் துப்பாக்கியை எடுத்து நீட்டினேன். அவன் இருமிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“ஏன் மச்சான், இவனுக்கு இது இனிமே வேணாம்னு ரெண்டு பேர்கிட்டயாவது கேட்டு உறுதி பண்ணிட்டியா?”

பத்திரிகைக்காரன் என்று பதினாறு வருடமாக என்னைச் சீண்டுகிற அதே வாய். வாங்கிக்கொண்டான். பழையதைப் பதுங்குகுழிக்குப் பின்னால் வீசினான். பின்வாங்கிய எவனோ அதை எடுத்துப் போயிருக்கிறான். பண்ணை முற்றத்தில் புதைக்கப்பட்டவன் அவன்தான் என்பது என் கணிப்பு. அவன் பெயர் தெரியவில்லை. அவன் வீட்டில் இன்னும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மணிக்கு என்னைச் செய்தியோடு பின்னால் அனுப்பினார்கள். போகும்போது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் எழுத்தில் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நம் நாட்டு அரசு கொடுத்ததைத் தவிர வேறு துப்பாக்கி வைத்திருந்தால் தண்டனை என்று உத்தரவு. வெண்டெல் மாற்றிக்கொண்டான் என்று நான் சாட்சி சொன்னால், கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். இன்று காலை, தோளில் பிரிட்டிஷ் துப்பாக்கியோடுதான் கேப்டன் லாமண்ட் முன்னால் போய் நின்றேன். என்னிடம் இருப்பது அதுதான். முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் என் தோளைப் பார்த்தார்.

“சார்ஜென்ட், எனக்குக் கண்ணு அவ்வளவு சரியில்ல. காகிதம் அங்க இருக்கு, எழுது.”

எழுதினேன். டியர்னியும் கையெழுத்திட்டார். அந்தப் பதுங்குகுழியில் இருந்து தப்பியவர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருமே, தாங்களும் துப்பாக்கி மாற்றியதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். தண்டிப்பதென்றால் எல்லாரையும் தண்டிக்கட்டும் என்றார்கள். ஒரு பிரதி லண்டனில் உள்ள ராணுவ ஆவண அலுவலகத்துக்கு, ஒன்று செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. மூன்றாவது இந்தப் பச்சை உறையில் உனக்கு. இந்த உறையை இங்குள்ள அதிகாரிகள் பிரிக்கமாட்டார்கள். அந்தப் பிரதியைப் பத்திரமாக வை. அடுத்த வாரம் நாங்கள் மறுபடி முன்வரிசைக்குப் போகிறோம். எனக்கு எதுவானாலும் அந்தத் தாள் போதும்.

என் இருமல் குறைந்துவிட்டது. சாப்பாடு பரவாயில்லை, ஜாம் மட்டும் எப்போதும் ஒரே பிளம்ஸ். நீ அனுப்பிய மேப்பிள் சர்க்கரை வந்து சேர்ந்தது. வெண்டெலின் பங்கை நான் தொடவில்லை.

தேவாலயத்தின் வடக்குச் சுவரில் அவன் பெயரைப் பொறித்த கல்லை ஜூலை முதல் தேதி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். எஃபி, வேண்டாம். போதகரிடம் நான் சொன்னதாகச் சொல். கல் கெட்டுப்போகாது, காத்திருக்கும்.

எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு அவன் நடந்துகொண்டிருந்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. புகை அவன் நெஞ்சிலும் இறங்கியிருந்தது. ஆனால் அவன் உடம்பு எப்படிப்பட்டது என்று நம் இருவருக்கும் தெரியும். கைதிகளின் பெயர்ப்பட்டியல் ஜெனீவாவிலிருந்து லண்டன் வழியாக வரவேண்டும். ஜூலை மூன்றாவது வாரத்துக்குள் பதில் வந்துவிடும் என்கிறார்கள்.

அதுவரை கறுப்பு உடுத்தாதே. சிவப்பு நூல் மீதி இருந்தால் இன்னொரு ஜோடி பின்னி வை. அவனுக்கு ஒரு காலுறை குறைகிறது. கடவுள் உன் கைகளுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கட்டும்.

உன் அன்பு அண்ணன்,
ஆலிஸ்டர் பெட்டிக்ரூ