காலியாகக் கிடந்த பார்க்கிங்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

காட்டுப்பாக்கம் குடியிருப்பில் எனக்குரிய பார்க்கிங் இடத்தை இன்று சங்கக் கூட்டத்தில் பறித்துக்கொண்டார்கள். என்னிடம் கார் இல்லை என்பது குற்றமாயிற்று. ஒன்பது ஆண்டுகளாக மனத்துக்குள் நான் அங்கே நிறுத்திவந்தது பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட, சிவப்பு நிறத்துப் பழைய இத்தாலியப் பந்தயக் கார். அதன் அகலத்துக்கு இடம் போதுமா என்று டேப் வைத்து அளந்தும் இருக்கிறேன்.

"கார் வாங்கப்போகிறேன்" என்றேன்.

"இன்னா வண்டி சார்? பேரைச் சொல்லு, நோட்டுல எழுதிக்கினு வுட்டுடறேன்" என்றார் செயலாளர்.

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றேன்.

"ஒம்போது வருசமா யோசிக்கிறியே, கப்பலா வாங்கப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கப்போவதில்லை.

"குடுத்துடுங்க, சும்மாதானே கெடக்கு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. எதைக் கொடுக்கச் சொல்கிறாள் என்பதை அவளுக்கு விளக்க என்னிடம் வழியில்லை. இடத்தை விட்டுக்கொடுப்பதாகச் செயலாளரின் நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இரவு எட்டு மணிக்கெல்லாம் செயலாளரின் மருமகன் தன் வெள்ளைக் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

சற்று முன் கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்புக் கார் கேட் வரைக்கும் வருகிறது. எஞ்சினை அணைக்காமல் தெருவிலேயே நிற்கிறது.