முழமும் சாணும் பிணங்கிய மதகு குறித்து இரு மன்றத்தார்க்கும் விடுத்த ஓலை

ஏழு ஏரிகளும் நிறைக, எருதுகள் களைக்காதிருக்க. நீர்மலி நாட்டை ஆள்பவளும், பெருங்கரை கட்டிய குலத்தில் வந்தவளும், நேற்றுமுதல் முழங்கால்வரை நனைந்திருப்பவளுமாகிய மழவர்கோதை, பொறிகளுக்கான கட்டளைகளை ஓலையில் நிரலாக எழுதும் மேல்மன்றத் தலைவர் வெண்கூத்தனார்க்கும் கீழ்மன்றத் தலைவி செங்கொடியார்க்கும் நலம் வாழ்த்தி விடுக்கும் ஓலை. உங்கள் எழுத்தாணிகள் கூர் குன்றாதிருக்க, உங்கள் மன்றங்களில் மோர் புளிக்காதிருக்க.

பெரிய ஏரியின் மதகைத் தானே திறக்கும் பொறிக்காக, நீர்மட்டம் அளக்கும் நிரலை மேல்மன்றத்துக்கும், மதகைத் தூக்கும் நிரலைக் கீழ்மன்றத்துக்கும் பகிர்ந்தளித்தோம். அத்தோடு நின்றிருக்கலாம். வென்ற மன்றத்துக்கு வெண்குடை, தோற்ற மன்றத்துக்குக் கதவடைப்பு என்று முரசும் அறைவித்தோம். வேலை விரைந்தது உண்மை. ஆனால் அன்றுமுதல் ஒருவர் ஓலையை மற்றவர் காணாதபடி பட்டில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்து உறங்கினீர்கள்.

நேற்றைய வெள்ளோட்டத்தில் நீர் ஆறு முழம் ஏறியதும், மேல்மன்ற நிரல் ஆறு என்று அறிவித்தது. சாண் கணக்கில் எழுதிய கீழ்மன்ற நிரலோ பன்னிரண்டு வரட்டும் என்று காத்திருந்தது. ஆறு முழமும் பன்னிரண்டு சாணும் ஒன்றே என்பதைப் பொறிக்கு எவரும் சொல்லவில்லை. காவலர் ஓடிவந்து கையால் மதகைத் தூக்குமுன் அரண்மனைத் தோட்டம் குளமாயிற்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர்; இங்கே தவளைகளுக்குக் கொண்டாட்டம்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அஞ்சினோம். எட்டு நாளில் பருவமழை. கரைக்குக் கீழே நெல்லிப்பாடியில் நானூறு வீடுகள்.

விசாரித்தபோது, கீழ்மன்றத்து நிரலர் வேண்மாள், இப்பிழையைப் பத்து நாள் முன்பே தாம் ஐயுற்றதாக ஒப்புக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என வினவினோம். சொன்னால் மேல்மன்றம் திருத்திக்கொண்டு வெல்லும், தம் மன்றத்து முப்பது பேர் வேலை இழப்பர் என்றார். தண்டிக்கச் சொன்ன அமைச்சரை அமரச் செய்தோம். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கும் ஆட்டத்தில் வாய்மூடுதலே அறிவு. அந்த விதியை வகுத்தது நாம், வெட்கப்படவேண்டியதும் நாமே.

ஆகவே ஆணை. கதவடைப்பு நீக்கப்பட்டது. நாள்தோறும் காலையில் இரு மன்றத்து ஓலைகளும் ஒரே பாயில் விரிக்கப்படுக. பிறர் பிழையைக் கண்டு சொன்னவர்க்கும், கேட்டுத் திருத்தியவர்க்கும் ஒத்த சிறப்பு உண்டு. மதகு சரியாகத் திறந்தால் வெண்குடை இருவர்க்கும் பொது. திறவாவிடின் எவர்க்கும் இல்லை. போட்டியின்றி உறக்கம் வராதோர் மாலையில் சதுரங்கம் ஆடி ஒருவரையொருவர் வறுத்தெடுக்கலாம். அங்கே எந்த ஊரும் மூழ்காது.

மழை தொடங்கும் நாளில் இரு மன்றத்தாரும் நெல்லிப்பாடியில் வந்து தங்குக. விருந்துக்கு அரிசியும் ஆடும் அனுப்பியுள்ளோம்.

ஐப்பசி ஏழாம் நாள், கொக்கு முத்திரை இட்டு, நம் கையால் எழுதியது. மதகுக்கு நேர் எதிரே, எல்லார்க்கும் முன்னதாக, நம் கூடாரம் அடிக்கப்படுக.