ரைட் கொடுத்துவிட்டுப் போன அத்தானுக்கு

உங்கள் சிலேட்டுப் போனை, அந்த டேப்பை, துடைத்து வைக்கலாம் என்று இன்று மத்தியானம் அதன் உறையைப் பிரித்தேன். குப்பென்று தைல வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் மகன் செல்வம் ஒவ்வொரு லீவுக்கும் துபாயிலிருந்து கொண்டுவந்து அடுக்குவானே, அதே பச்சைத் தைலம். நீங்கள் போய் மாசக்கணக்காகிவிட்டது. வாசம் மட்டும் உறையின் மடிப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அழுகை வரும் என்று பார்த்தேன். ஆத்திரம்தான் வந்தது. டேப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு, "ஏன் அத்தான் இப்புடிப் பண்ணுனீங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருகிட்ட பேசுற?"

"ஒங்க சகலைகிட்டதான்."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எழுதினாலாவது கோபம் இறங்குகிறதா பார்ப்போம். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரியுங்கள். உயிரோடு இருந்தபோதும் அதைத்தானே செய்தீர்கள்.

அக்கா போன பிறகு அன்னவாசல் வீட்டில் நீங்கள் தனியாகக் கிடந்தீர்கள். கீரமங்கலத்துக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டேன். "கொழுந்தியா வீட்டுல ஒக்காந்து சாப்புட்டா ஊரு சிரிக்கும்" என்றீர்கள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே. கடைசியில் செல்வம் ஒரு சிநேகிதன் கையில் இந்த டேப்பைக் கொடுத்தனுப்பிவிட்டு எனக்குப் போன் போட்டான்.

"சித்தி, நீங்கதான் போயி அப்பாவுக்குப் போட்டுக் குடுக்கணும். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

"நான் சொன்னா மட்டும் கேப்பாராக்கும்?"

"கேக்க மாட்டாரு. ஆனா ஒங்க மேல கோவப்பட மாட்டாரு."

பூ யாவாரத்தில் நாலு கடைக்காரர்களுக்கு வாட்சப்பில் பூப் படம் அனுப்பத் தெரியும். என் படிப்பு அவ்வளவுதான். அதை நம்பிப் புதுக்கோட்டையில் பஸ் மாறி வந்து சேர்ந்தேன். நீங்கள் அதைச் சிலேட்டு என்றீர்கள். மடியில் வைத்துக்கொண்டு, நாக்கில் விரலைத் தொட்டு அதன் மேல் தேய்த்தீர்கள். காலமெல்லாம் டிக்கெட் கிழித்த கண்டக்டர் விரல்.

"அத்தான், இது டிக்கெட்டுக் கட்டு இல்ல. எச்சி தொடாதீங்க."

"தொடாம எப்புடி நகரும்?"

"தொட்டாத்தான் நகர மாட்டேங்குது. கையக் குடுங்க இங்கிட்டு."

உங்கள் விரலை என் முந்தானையில் துடைத்துவிட்டேன். அடுத்த நொடியே மறுபடி நாக்குக்குப் போனது. திரையில் 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன்.

"எத ஏத்துக்கிடச் சொல்லுது?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாம எப்புடி ஏத்துக்கிடுறது?"

"எங்க அக்காவ மட்டும் தெரிஞ்சா ஏத்துக்கிட்டீங்க? அமுக்குங்க."

அமுக்கினீர்கள். அக்காவுக்குப் பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

யாருக்கும் தெரியாத நாலு நம்பர் சொல்லுங்கள், பூட்டு வைக்க வேண்டும் என்றேன். நீங்கள் கடைசியாகக் கண்டக்டராகப் போன வண்டியின் நம்பரைப் பேருந்து நிலையத்தில் ஊர் பேர் கூவுவது போலக் கூவினீர்கள். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா கொல்லையிலிருந்து கேட்டது: "என்னண்ணே, வண்டி எங்க போகுது? நானும் ஏறிக்கிறவா?"

சோதித்துப் பார்க்க நான் வாசலுக்குப் போய் வீடியோ கால் போட்டேன். உங்கள் காதுதான் தெரிந்தது. கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன ஓட்டையோடு திரை நிறையக் காது. "மூஞ்சியக் காட்டுங்க அத்தான்" என்று கத்தினேன். "காதுல வைக்காம எப்புடிப் பேசுறது?" என்று நீங்கள் அங்கிருந்து கத்தினீர்கள். டேப்பே வேண்டாம், இந்தச் சத்தமே துபாய்க்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வத்துக்குக் காலையில் வேலை. அதனால் தினம் காலையில் நீங்கள் எனக்குக் கூப்பிட வேண்டும், நான் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நீங்கள்தான் அதிலே ஒரு சட்டம் போட்டீர்கள்.

"தெனமும் என்னத்தப் பேசுறது? நீ பூவ எடை போட்டுக்கிட்டு நிப்ப. விசில் போதும்."

"டேப்புல என்ன விசிலு?"

"ரெண்டு தடவ ரிங் விட்டுக் கட் பண்ணுவேன். அது ரெண்டு விசில். ரைட், வண்டி போகலாம். ஒரே ரிங்னா ஒத்த விசில். ஸ்டாப்பு. கெளம்பி வா."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். நல்ல சட்டமாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. பூக்கடை வாசலில் மல்லிகை மூட்டை இறங்கும் நேரம் இடுப்பில் போன் அடிக்கும், நிற்கும். மறுபடி அடிக்கும், நிற்கும். "ரைட்டு, போலாம்" என்று நான் சொல்ல, மூட்டை தூக்குகிறவர்களும் "ரைட் ரைட்" என்பார்கள். உங்கள் விசிலில் எங்கள் கடையே ஓடியது அத்தான்.

அந்த முகூர்த்த நாளிலும் இரண்டு ரிங் வந்தது.

இரண்டுதான். தெளிவாக இரண்டு. நின்று, இடைவெளி விட்டு, இரண்டாவது. நான் "ரைட்டு" என்று சொல்லிவிட்டுச் சம்பங்கியை நிறுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைகிற நேரத்தில் மும்தாஜ் அக்கா போன் வந்தது. எடுத்ததும் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

வந்து பார்த்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வீடு முழுக்கத் தைலம். மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "வெடியக்காலையே நெஞ்சத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஆட்டோ கூப்புடுறேன்னேன். வாயுப் புடிப்பும்மா, கீரமங்கலத்துக்குச் சொல்லிட்டேன், கொழுந்தியா வந்துக்கிட்டு இருக்குன்னாக. அதக் கேட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்."

கீரமங்கலத்துக்குச் சொல்லிவிட்டாராம். என்ன சொன்னீர்கள்? ரைட் சொன்னீர்கள். வண்டி போகலாம் என்றீர்கள். நெஞ்சில் தைலம் தேய்த்த கையாலேயே எனக்கு இரண்டு விசில் கொடுத்தீர்கள். அங்கே வாசலில் நின்ற மனுஷியை நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினீர்கள். இங்கே என்னை நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்லி உட்கார வைத்தீர்கள். இரண்டு பேரையும் ஒரே காலையில் ஏமாற்றினீர்கள். நான் இரண்டு பஸ் மாறி வர நேரமாகும், ஒத்துக்கொள்கிறேன். ஒற்றை ரிங் வந்திருந்தால் நான் பஸ் ஏறியா இருப்பேன்? மும்தாஜ் அக்காவுக்கு ஒரு போன். வாசலில் ஆட்டோ. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி என்ன, கண்காணாத தூரமா?

வாழ்க்கை முழுக்க வண்டியில் ஏறின ஒரு ஆளையும் தவறான இடத்தில் இறக்காதவர் என்று பெருமை பேசுவீர்களே. ஒருவர் படியில் கால் வைத்திருக்கும்போது ரைட் கொடுக்கிறவன் கண்டக்டரே இல்லை என்பீர்களே. உங்களுக்கு நீங்களே எப்படிக் கொடுத்துக்கொண்டீர்கள்?

எனக்குக் கோபம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்கா மார்பில் கட்டி வந்ததை மறைத்துவைத்துக் கடைசியில் நாம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? படுக்கையில் கிடக்கிற பொம்பளை என்றும் பார்க்காமல் திட்டினீர்கள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நாங்க என்ன அன்னியமா?" என்றீர்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் உங்களை வெளியே இழுத்து வந்தேன். அங்கே குழாயடியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். "சொல்லல பாரு, என்கிட்டயே சொல்லல பாரு." அந்த வலி என்னவென்று தெரிந்த ஆள் நீங்கள். தெரிந்தேதான் அதை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் போனில் பேச்சுவாக்கில், நாளைக்குப் பெரிய முகூர்த்தம், மூச்சு விட நேரம் இருக்காது என்று நான்தான் சொன்னேன். கொழுந்தியாவின் யாவாரம் கெடக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். யார் அத்தான் உங்களிடம் அதைக் கேட்டது? பூ அன்றைக்கே வாடிவிடும். மறுநாள் வேறு பூ வரும். இதைச் சொல்லிச் சண்டை போட எனக்கு நீங்கள் இல்லை.

காரியம் முடிந்து கிளம்பும்போது செல்வம் டேப்பை என் கையில் கொடுத்தான். "நீங்களே வச்சுக்கங்க சித்தி." அவன் முகத்தைப் பார்த்து, உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா என்று சொல்ல வாய் வரவில்லை. விமானம் ஏறுகிற பிள்ளையிடம் எதைச் சொல்வது? ஆகவே முழுக் கோபமும் என்னிடமே இருக்கிறது, பங்கு போடாமல்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து என் மகள் தேவி கூப்பிட்டாள்.

"நல்லாருக்கியாம்மா?"

"எனக்கென்னடி, பூ விக்கிறவ பூவாட்டம் இருக்கேன்" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு உடம்பெல்லாம் எரிந்தது அத்தான். கடையில் இரண்டு நாளாகத் தலை சுற்றி, தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கேலி பேசுகிறவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எனக்கு அது வசதி. நானும் என் மகளுக்கு ரைட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"இல்லடி" என்றேன். "நல்லா இல்ல. தல சுத்துது. பயமா இருக்கு."

மறுநாள் விடிந்ததும் பையோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்: "ஒனக்கு அறிவு இருக்காம்மா? ரெண்டு நாளா வச்சிக்கிட்டு இருந்திருக்க! நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?" டாக்டரிடம் கூட்டிப்போகிற வழியெல்லாம் திட்டு. ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போதும் திட்டு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

நான் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவளுக்குத்தானே அந்தத் திட்டு.

உங்களுக்கும் ஒரு திட்டு இருந்தது அத்தான். புதுக்கோட்டைக்கு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டியிருப்பேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பீர்கள். அதை வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. அதுதான் இங்கே என் நெஞ்சில் இன்னும் இறங்காமல் நிற்கிறது.