தொப்பிக்குள் காற்று

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

ஒரு தொப்பிக்குள் இருக்கும் காற்றுக்கு எதற்குக் காசு? எனக்குப் பதில் தெரியவில்லை. இயற்பியல் படித்தவள் நான். காற்றுக்கு எடை உண்டு என்று தெரியும், பில் உண்டு என்று தெரியாது. கடல் தாண்டி உனக்கு விற்க அனுப்ப நான் தைத்த நாற்பது தொப்பியும் சேர்ந்து நான்கு கிலோகூட இல்லை. கூரியர்க்காரர் தராசைத் திரும்பிப் பார்க்காமல் பெட்டியை டேப் வைத்து அளந்தார். "பெட்டி சைஸுக்கு இது இருபது கிலோ கணக்குல வரும் மேடம். அமுக்கிக் கட்டிடலாமே?" அமுக்கினால் அது தொப்பி இல்லை, கரித்துணி.

தேடித் தேடி விசாரித்ததில் ஒரு கம்பெனி பாதி விலைக்கு வந்தது. வாசலுக்கு வரமாட்டார்கள், நீ அவர்கள் கிடங்கில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நேற்றே அனுப்பிவிட்டேன். இனியாவது தொழில் கையைக் கடிக்காது.

சாப்பிடுகிறாயா? போன மின்னஞ்சலில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அம்மா

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன், குண்டாகிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழைய கூரியர்க்காரன் கீழே இருக்கும் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். இந்தக் கிடங்கு ரொம்ப தூரம். பெட்டியைத் திரும்ப வரவழைத்துவிடேன்.

உன் வாலு

மார்ச் 10

அன்புள்ள வாலுக்கு,

தூரம் என்றால் பஸ் இல்லையா? பெட்டி திரும்பினால் அங்கே நம் தொப்பியை எடுக்கும் கடைக்காரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். நம்மிடம் வாங்குவது அந்த ஒரு கடைதான். நீ சோம்பேறி இல்லை. அதனால்தான் உன் 'தூரத்தை' நம்ப முடியவில்லை. உண்மையைச் சொல்.

அம்மா

மார்ச் 12

அம்மா,

கிடங்கில், இந்த நாட்டில் தங்க அனுமதி தரும் குடியிருப்பு அட்டையைக் காட்டினால்தான் பெட்டி தருவார்கள். என் அட்டை காலாவதியாகிவிட்டது. வேலை போன பிறகு புதுப்பிக்க விடவில்லை. உன் தொப்பியை விற்றுத்தான் வாடகை கட்டுகிறேன். சொன்னால் 'கிளம்பி வா' என்பாய். வந்தால் மறுபடி என்னை உள்ளே விடமாட்டார்கள்.

அறைத்தோழி தைரியம் சொல்கிறாள்: "அங்க யாருடி தேதியெல்லாம் பாக்குறாங்க? போட்டோவப் பாத்துட்டுக் குடுத்துடுவாங்க." வெள்ளிக்கிழமை கூட்டமாக இருக்குமாம். அன்றைக்குப் போகிறேன். கடைக்காரி காத்திருக்கிறாள்.

உன் வாலு

மார்ச் 13, வியாழன்

வாலு,

போகாதே. தொப்பியும் வேண்டாம், கடையும் வேண்டாம். போனை எடுக்காமல் இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். யாரும் தேதி பார்ப்பதில்லை என்பதை நான் நம்பவில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

'கிளம்பி வா' என்று சொல்லமாட்டேன். வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன். படித்ததும் பதில் போடு.

அம்மா

மார்ச் 14

வாலு,

நீ எப்போது இதைப் படிப்பாய் என்று தெரியாது. இன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் உன் அறைத்தோழி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, உங்க மெயிலப் படிச்சிட்டுத்தான் போனா. 'எங்கம்மா எதையுமே நம்பமாட்டாங்க'ன்னு சிரிச்சா. கிடங்குல அட்டைய வாங்கி வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்லியிருக்காங்க. நான் போறதுக்குள்ள இமிக்ரேஷன்காரங்க வந்து வண்டியில ஏத்திட்டாங்க." எங்கே கொண்டுபோனார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் கூரியர் ஆபீஸிலிருந்து பேசினார்கள். "மேடம், உங்க பார்சல யாரும் வாங்கல. ரிட்டர்ன் வருது. அந்தச் சார்ஜ நீங்கதான் கட்டணும், பரவாயில்லையா?"

கட்டுகிறேன் என்றேன்.

அம்மா